ஒரு சாண் உயரம்

எழுபத்தி நாலு. பிரஷர் அவ்வளவுன்னுதான் மானிட்டர் சொல்லுது. எழுபதுக்கு மேல இருந்தாப் போதும். எழுபது இருந்தா சதைக்கு ரத்தம் போகும், சதைக்கு ரத்தம் போனா முழிச்சதும் எந்திரிச்சு நிக்கும், நின்னுட்டா பிழைச்சுக்கிடும், குதிரைக்கு மயக்கம் கொடுக்கிறதுல அவ்வளவுதான் சங்கதி, நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். அப்ப இந்த விரலுக்கு என்ன கேடு வந்துச்சு. குதிரைக்குத் தாடை எலும்பு வளையிற இடத்துல நாடி ஓடும், அதுல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு நிக்கேன், நாடி நூலா இருக்கு. எழுபத்தி நாலுன்னா விரலைத் தள்ளணும், ஏ புள்ள நகருன்னு தள்ளணும். இது பிடிக்காத வீட்டுக்கு வந்தவன் வாசல்லயே நிக்க மாதிரி நிக்கு, உள்ளயும் வரமாட்டேங்கு, போகவும் மாட்டேங்கு. மானிட்டர் ஏன் பொய் சொல்லப் போகுது, புதுசு, மேல ஒட்டுன தாளைக்கூட ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் லூர்து இன்னும் கிழிக்கல. விரலுக்குத்தான் வயசாயிட்டு. ஏசி வேற உறையுது. காப்பிகூடக் குடிக்காம ஓடியாந்தது வேற. வெறும் வயித்துல நாடி பிடிச்சா எல்லா நாடியும் நூலாத்தான் தெரியும், சவம். காந்திமதி, நீ சும்மா இரு. குதிரையைத் தூங்க வைக்கிற மேடம்னு எல்லாரும் உன்னைச் சொல்லுதாங்க. தூங்க வைக்கிறது என்ன பெரிய வித்தை, எழுப்புறதுல்லா வித்தை. எழுபத்தி நாலு இருக்கு. எழுந்துரும்.

பேரு மினிஸ்டர். சிரிக்கக் கூடாது. மெரினாவுல பிள்ளைகளை முதுகுல ஏத்திக்கிட்டு அலை வரைக்கும் போய்த் திரும்புற வெள்ளைக் குதிரை. "மினிஸ்டர் வராரு, வயி வுடுன்னு சொன்னா பசங்கோ சிரிக்கும் மேடம், அதுக்கோசரம் வெச்ச பேரு" என்றாரு எத்திராஜ், இதோட சொந்தக்காரரு. சிரிக்காமத்தான் சொன்னாரு. மணல் மேல கொட்டுன புல்லைத் தின்னு தின்னு, புல்லோட மணலும் உள்ள போய், பெருங்குடல்ல சேந்து இறுகி, நேத்துல இருந்து உருண்டு புரண்டு வயித்தையே திரும்பித் திரும்பிப் பாத்துருக்கு. இப்ப மல்லாக்கக் கிடக்கு. நாலு காலும் கூரையைப் பாத்துக்கிட்டு, மூக்குல எங்க குழாயை மாட்டிக்கிட்டு, வயிறு திறந்து. சர்ஜன் கணநாதன் தோள் வரைக்கும் கையை விட்டுக் குடலைத் தேடி வெளிய எடுத்துட்டாரு. ஆறடிக்கு மேல வளந்த மனுஷன், இடுப்பு வலிக்காரரு, டேபிளை ஏத்தச் சொல்லிட்டுத்தான் கத்தியையே தொட்டாரு. நான் தலைமாட்டுல. குதிரை நின்னுக்கிட்டே தூங்குற பிறவி, படுக்கிறதுக்குப் பிறக்கல. அதைப் படுக்கப் போட்டா அதோட கனமே அதோட சதையை நசுக்கும். வெளிய இருந்து கனம் அமுக்குது, உள்ள இருந்து ரத்தம் தள்ளணும். தள்ளலைன்னா முதுகும் தொடையும் கட்டையாப் போயிரும். முழிச்சதும் எந்திரிக்கப் பாக்கும், வராது. எந்திரிக்க முடியாத குதிரைக்கு நாங்க செய்யிறது ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ஒரு ஊசி போதும். எத்திராஜ்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு கடைசியாக் கேட்டாரு, "எய்ந்துக்குமா மேடம்?" நான் என்ன சொன்னேன். எந்திரிச்சுரும்னு சொன்னேன். வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

டக். உடம்பெல்லாம் கூசிப் போச்சு. ஒண்ணுமில்ல, லூர்து ஏதோ மூடியைக் கீழ போட்டுட்டாரு. "இன்னா மேடம், பயந்துட்டீங்களா?" "வேலையைப் பாருங்க லூர்து." இந்த மனுஷன் எதையாவது கீழ போடாத நாள் கிடையாது, அவரை என்ன சொல்ல. அந்தச் சத்தம்தான். எதிர்வீட்டுக்காரி தேங்கா உடைக்கும்போது கேக்கு. லிப்ட் கதவு கடைசியில ஒரு தடவை இடிக்குமே, அதுல கேக்கு. ஒருநாள் பஸ்ல கண்டக்டர் தகரத்தைத் தட்டினாரு, நான் இறங்கவேண்டிய இடத்துக்கு முன்னாடியே இறங்கிட்டேன். அது செவ்வந்தியோட குளம்பு. நான் படிக்கிற காலத்துல, வேற ஊர்ல, வேற தியேட்டர்ல. செம்பட்டை நிறத்துப் பெண்குதிரை. எங்க வாத்தியார் ஆவுடையப்பன் சார்தான் மயக்கம் கொடுத்தாரு. பிரஷர் எண்பது. எங்களை எல்லாம் பக்கத்துல கூப்பிட்டு, "பாருங்கப்பா, பாடப் புஸ்தகம் மாதிரி இருக்கு" என்றாரு. ஆபரேஷன் அருமையா முடிஞ்சது. மெத்தை அடிச்ச அறையில கொண்டு விட்டோம். முழிச்சா. முன்னங்காலை ஊன்றினா, நெஞ்சைத் தூக்கினா, பின்னாடி ஒண்ணும் வரல, விழுந்தா. டக். திரும்ப முன்னங்காலை ஊன்றினா. டக். மத்தியானம் தொடங்கி வெயில் தாழுற வரைக்கும் அந்தச் சத்தம்தான் அந்தக் கட்டடத்துல. வேர்த்து நுரையாக் கொட்டுச்சு. உள்ள போய்த் தொடையைத் தொட்டேன், கருங்கல். அவ தலையைத் திருப்பி என்னைப் பாத்தா. என்னத்துக்கு என்னைப் பாத்தா. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டு, "பிரஷர் நல்லாத்தானம்மா இருந்துச்சு" என்றாரு. அவரு கண்ணு கலங்கித்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் சொன்னாரு, "மனசு விட்டுட்டு. மனசு விட்ட குதிரை எந்திரிக்காது." அது அந்தக் காலேஜ்ல சொலவடையாப் போச்சு. பரீட்சையில ஒருத்தன் தோத்துட்டா, செவ்வந்தி ஆயிட்டான்லேம்பானுவ. எல்லாரும் சிரிப்போம்.

நாடி. விரலை எடுத்துட்டுத் திரும்ப வச்சேன். இன்னும் நூல். ஈறை அமுக்கி விட்டுப் பாத்தேன், நிறம் திரும்ப நேரமாகுது. நேரமாகுதா, எனக்கு அப்படித் தோணுதா. பிரஷரைத் தூக்குற மருந்து டோபுட்டமின் சொட்டிக்கிட்டுத்தான் இருக்கு, கொஞ்சமா. எழுபத்தி நாலுக்கு அது போதும். கூட்டிவிட்டு, விரல் சொன்னது பொய்யாப் போச்சுன்னா, இதயம் தறிகெட்டு ஓடும், தாளம் தப்பும், அதுவும் சாவுதான். கூட்டவா, விடவா. எங்க ஊரு அம்மன் கோயில்ல பூக் கட்டிப் போட்டுப் பாப்பாங்க, சிவப்பு வந்தா செய்யி, வெள்ளை வந்தா விடு. இங்க யாரு பூக் கட்டிப் போட. மானிட்டரே நல்லாருக்குங்கும்போது நீ யாருட்டி. "சார், நாடி எனக்குச் சரியாப் படல." கணநாதன் தலையைத் தூக்கல. "பிரஷர் என்ன மதி?" "எழுபத்தி நாலு." "அப்புறம் என்ன?" அதானே, அப்புறம் என்ன. அன்னைக்கும் அப்புறம் என்னன்னுதானே எல்லாரும் இருந்தோம். எண்பது, அப்புறம் என்ன. எண்பது இருந்த குதிரைக்குத் தொடை எப்படி கல்லாச்சு. இதை நான் கேட்டதே இல்ல. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. மனசு விட்டா தொடை கல்லாகுமா, என்ன பேச்சு இது, மனசு எங்க இருக்கு தொடை எங்க இருக்கு. சரி, அதை விடு, இதைப் பாரு. எழுபத்தி நாலு. நூல். எழுபத்தி நாலு.

கணநாதன் குடலைக் கீறிக் கழுவ ஆரம்பிச்சுட்டாரு. லூர்து வாளியைத் தூக்கிப் பிடிச்சிருக்காரு, வாளிக்கு அடியில ரப்பர் குழாய், அது வழியா வெதுவெதுன்னு தண்ணி குடலுக்குள்ள போகுது, மணல் கலங்கி வெளிய வருது. மெரினா மணலேதான், மினுமினுக்கு. சின்னச் சிப்பி ஒண்ணுகூட வந்து விழுந்துச்சு. எத்தனை பிள்ளை மிதிச்ச மணலோ. "தண்ணி வேகம் பத்தல லூர்து. வாளியை ஏத்திப் பிடிங்க." "ஏத்தினா கையி போயிரும் சார்." "போகட்டும், வேற வச்சுக்கலாம்." லூர்து முனகிக்கிட்டே முக்காலி மேல ஏறி நின்னாரு. தண்ணி சீறிக்கிட்டுப் பாஞ்சது. கணநாதன் முகத்துலயே தெறிச்சது. நான் அதைப் பாத்துக்கிட்டே நிக்கேன். அதே வாளி. அதே தண்ணி. அதே குழாய். வாளி ஒரு சாண் உசந்தது, கீழ வேகம் கூடிப்போச்சு. ஒரு சாண். மினிஸ்டரோட ரத்தக் குழாய்க்குள்ள ஒரு ஊசி, ஊசியில இருந்து தண்ணி நிறைஞ்ச ஒரு மெல்லிய குழாய், அது வந்து சேர்றது கட்டைவிரல் பெருசுல ஒரு டப்பி. அந்த டப்பிதான் பிரஷரை அளந்து மானிட்டருக்குச் சொல்லுது. டப்பி குதிரையோட இதயத்துக்கு நேர்மட்டத்துல இருக்கணும். டப்பியை விட இதயம் உசந்துட்டா, நடுவுல நிக்கிற தண்ணியோட கனத்தையும் சேத்துப் பிரஷர்னு சொல்லிரும். மாடித் தொட்டித் தண்ணி கீழ்வீட்டுக் குழாயில அடிச்சுக்கிட்டு வர்ற மாதிரிதான். மட்டம் பாத்துத்தான் ஸ்டாண்டுல மாட்டினேன். நல்லாப் பாத்து மாட்டினேன். மாட்டின பிறகு கணநாதன், டேபிளை ஏத்துங்கன்னாரு. லூர்து பெடலை மிதிச்சாரு. குதிரை ஏறிப்போச்சு. டப்பி ஏறல. நான் அங்க நின்னு மருந்து கலக்கிக்கிட்டு இருந்தேன், பெடல் சத்தம் என் காதுல விழுந்துச்சு, விழுந்தும் நான் திரும்பல.

டப்பியைக் கழட்டி ஒரு சாண் தூக்கி, குதிரைத் தோளுக்கு நேரா வச்சு மாட்டினேன். மானிட்டர் இறங்குச்சு. எழுபது. அறுபத்தஞ்சு. ஐம்பத்தெட்டு. அங்க வந்து நின்னுட்டு. விரல் இவ்வளவு நேரம் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, மூதி நான்தான் அதை ஏசிக்கிட்டு இருந்தேன். "சார், பிரஷர் ஐம்பத்தெட்டு." "என்னது, எப்ப இறங்குச்சு?" "இறங்கல. முதல்ல இருந்தே அதான். டேபிளை ஏத்தினப்ப நான் டப்பியை ஏத்தல." கணநாதன் வைவாருன்னு நினைச்சேன். வைஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும். "நான் சீக்கிரம் தைக்கேன், நீங்க தூக்குங்க" என்றாரு, அவ்வளவுதான். மயக்க மருந்தைக் குறைச்சேன். டிரிப்ஸை முழுசாத் திறந்து விட்டேன். டோபுட்டமினைக் கூட்டினேன், கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காது இதயத்துடிப்புல, கண்ணு எண்ணுல, விரல் தாடையில. அறுபது. அறுபத்தி மூணு. மணல் போகப் போக வயித்துக் கனமும் குறையுது. அறுபத்தெட்டு. ஏறு சாமி. எழுபத்தொண்ணு. விரலைத் தள்ளுச்சு. ஏ புள்ள நகருன்னு தள்ளுச்சு. ஆனா இவ்வளவு நேரம் தள்ளலையே. அவ்வளவு நேரமும் அந்த முதுகுச் சதை மூச்சில்லாமக் கிடந்திருக்கே. இப்ப கொடுத்த ரத்தம் அப்பக் கொடுக்காத ரத்தத்துக்கு ஈடாகுமா. செத்தது செத்ததுதானே.

அப்பதான் அந்தப் பெடல் சத்தம் இன்னொண்ணோட போய் ஒட்டிக்கிச்சு. கிரீச், கிரீச். செவ்வந்திக்கு அன்னைக்கு ஆபரேஷன் பண்ண வெளியூர்ல இருந்து ஒரு பெரிய சர்ஜன் வந்திருந்தாரு. நெட்டை மனுஷன். ஆவுடையப்பன் சார் அவருக்காகத் தானே பெடலை மிதிச்சாரு, "நீங்க குனியக் கூடாது" என்று சொல்லிச் சொல்லி மிதிச்சாரு, நாங்க எல்லாம் சாரோட குழைவைப் பாத்து வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சோம். டப்பியை அப்ப ஜன்னல் கம்பியிலதான் கட்டுவோம், ஸ்டாண்டு ஏது. ஜன்னல் கம்பி எங்க ஏறும். எண்பது, எண்பதுன்னு நாங்க பாத்தது எல்லாம் எவ்வளவு. அறுபதா. ஐம்பதா. இல்ல, நான் இப்ப பயத்துல கட்டிச் சேக்கேனோ, பெடலை மிதிச்சது டப்பியைக் கட்டுறதுக்கு முன்னாடியா பின்னாடியா. பின்னாடிதான். பூ மாதிரி ஒரு துணியால நான்தான் அவ கண்ணை மூடினேன், அதுக்கு அப்புறம்தான் அவரு வந்தாரு, அவரு வந்த பிறகுதான் பெடல். சார்கிட்ட கேக்கலாம்னா சார் போய்ச் சேந்துட்டாரு. அவரு சாகுற வரைக்கும் அதையேதான் நம்பிக்கிட்டு இருந்திருப்பாரு. வெயில் தாழுற வரைக்கும் செத்த சதையை வச்சுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சு விழுந்தவளைப் பாத்து நாங்க மனசு விட்டவள்னு பேரு வச்சிருக்கோம். ஆத்தாடி, எப்பேர்ப்பட்ட பேச்சு. அழுகை வந்துச்சு, கண்ணைத் தோள்பட்டையில துடைச்சுக்கிட்டேன், கையை எடுக்க முடியாதுல்லா.

தைச்சு முடிச்சாச்சு. மினிஸ்டரை மெத்தை அறைக்குள்ள இறக்கிக் கிடத்தியாச்சு. தலையில ஒரு கயிறு, வாலுல ஒரு கயிறு, ரெண்டும் சுவத்து வளையம் வழியா வெளிய வருது, தலைக் கயிறு கணநாதன்கிட்ட, வால் கயிறு லூர்துகிட்ட. எத்திராஜை வராந்தாவுக்குப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன். சொந்தக்காரங்களை இங்க விடுறது வழக்கமில்ல. சொல்லணும். சொல்லாம அவரை அந்தக் கதவுகிட்ட நிக்க வைக்க முடியாது. "எத்திராஜ், வயிறு சரியாயிட்டு. ஆனா உள்ள ரொம்ப நேரம் பிரஷர் கம்மியா இருந்துருக்கு. நான் அளவைத் தப்பாப் பாத்துட்டேன். முதுகும் தொடையும் கட்டிப் போயிருக்கலாம்." அவரு கால் சட்டை மடிப்புல மணல் இருந்துச்சு. "எய்ந்துக்கும்னு சொன்னியே மேடம்" என்றாரு. மரியாதையெல்லாம் விட்டுப் போச்சு அந்த மனுஷனுக்கு, விடாம என்ன செய்யும். "சொன்னேன்" என்றேன். கதவுல சதுரமா ஒரு கண்ணாடி, ரெண்டு பேரும் அதுவழியாப் பாத்துக்கிட்டு நிக்கோம். அவரு மூச்சு கண்ணாடியில படியுது, துடைக்காரு, திரும்பப் படியுது. "கூப்பிடவா மேடம்? நான் கூப்பிட்டா வந்துருவான்." "வேண்டாம். அவசரப்பட்டு எந்திரிச்சா காலை முறிச்சுக்கும். தானா வரட்டும்."

காது ஆடுச்சு. மூக்கு விரிஞ்சுச்சு. புரண்டு நெஞ்சுல உக்காந்துச்சு. நல்லது, அப்படியே இரு, அவசரமில்ல, இரு. முன்னங்கால் நீண்டுச்சு. இதுதான். இதுவரைக்கும் செவ்வந்தியும் வந்தா. ஊன்றிச்சு, நெஞ்சு மேல வந்துச்சு, பின்னாடி, பின்னாடி வரல. டக். எத்திராஜ் என் முழங்கையைப் பிடிச்சாரு. நான் கண்ணை மூடிட்டேன். டக்குன்னு கேட்டது இங்கயா அங்கயா. கண்ணைத் திறந்தா செவ்வந்தி கிடப்பா, செம்பட்டை நிறத்துல, தலையைத் திருப்பிப் பாப்பா. திறந்தேன். வெள்ளைதான். வேர்க்குது. கழுத்துல வேர்வை. ரெண்டாவது தடவை பின்னங்கால் ஒண்ணு மட்டும் கீழ வந்துச்சு, மடங்கிப் போச்சு. டக். லூர்து வால் கயித்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடி என்னமோ முணுமுணுக்காரு, மாதா பேரா இருக்கும். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஒரு நினைப்புதான் ஓடுது, இவன் விழுந்தா அது இவன் குத்தமில்ல, இவன் விழுந்தா அது இவன் குத்தமில்ல. யாரும் நாளைக்கு எந்தப் பிள்ளைகிட்டயும் மினிஸ்டர் மனசு விட்டுட்டான்னு சொல்லக் கூடாது, நான் சொல்ல விடமாட்டேன். ரொம்ப நேரம் அப்படியே கிடந்துச்சு. மூச்சு வாங்குச்சு. அப்புறம் முன்னங்கால். நெஞ்சு. லூர்து இழுத்தாரு. பின்னங்கால் ரெண்டும் கீழ வந்துச்சு, நடுங்குச்சு, தொடை ஆட்டம் ஆடுச்சு, குளம்பு மடங்கி நிமிந்துச்சு, இடுப்பு சுவத்துல சாஞ்சது, சாஞ்சுக்கிட்டே நின்னுச்சு. நிக்கு. நிக்கு. கால் அகட்டிக்கிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கு.

எத்திராஜ் கதவுல தலையைச் சாச்சு அழுதாரு. நான் உள்ள போனேன். தொடையில கை வச்சேன். இடது பக்கம் பிடிச்சுக் கிடக்கு, தொட்டா துடிக்கு, வலது பக்கம் இளகித்தான் இருக்கு. ஒரு வாரம் நொண்டும். பிழைச்சுக்கிடும். வெளிய வந்தப்ப எத்திராஜ் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "மனசு வெச்சிட்டான் மேடம். எம்புள்ள மனசு வெச்சதால எய்ந்துக்கினான்" என்றாரு. ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், சந்தோஷத்துல இருக்க மனுஷன்கிட்ட என்ன வியாக்கியானம். முடியல. "மனசு வச்சான். ஆனா அதனால எந்திரிக்கல எத்திராஜ், சதையில உசுரு மிச்சம் இருந்துச்சு, அதான் எந்திரிச்சான். மனசு வச்சும் எந்திரிக்க முடியாதவங்க உண்டு" என்றேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல. "யாரச் சொல்றீங்கோ மேடம்?" என்று கேட்டாரு. செவ்வந்தின்னு ஒருத்தி இருந்தா, வெயில் தாழுற வரைக்கும் மனசு விடாம எந்திரிக்கப் பாத்தா என்று சொன்னேன்.